விஎஸ்எஃப்டிபிடி சர்வர்: லாகின் ஆகிறது, டவுன்லோட் ஆகிறது, அப்லோட் மட்டும் 553

ஆல்பம்கடை_கடலூர் | வியாழன், இரவு 8.52

எல்லோருக்கும் வணக்கம். திருப்பாப்புலியூரில் சின்னதாக ஒரு கல்யாண ஆல்பம் டிசைன் கடை வைத்திருக்கிறேன். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், சிதம்பரம் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள், நாங்கள் ஆல்பமாக வடிவமைத்து லேபுக்கு அனுப்புவோம். இத்தனை நாளும் பென்டிரைவை பஸ்ஸில் கொடுத்தனுப்பித்தான் வேலை ஓடியது. இப்போது உபுண்டு 22.04 லினக்ஸ் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரில் விஎஸ்எஃப்டிபிடி (நெட் வழியாக ஃபைல் அனுப்ப, வாங்க உதவும் எஃப்டிபி சர்வர்) நிறுவி, ஸ்டுடியோவுக்கு ஒரு யூசர் என்று உருவாக்கியிருக்கிறோம்.

லாகின் ஆகிறது. ஃபோல்டர் பட்டியல் வருகிறது. உள்ளே இருக்கும் பழைய படங்களை டவுன்லோட் செய்யவும் முடிகிறது. ஆனால் ஃபைல்ஜில்லாவில் (எஃப்டிபியில் ஃபைல் அனுப்பும் மென்பொருள்) ஒரு ஃபைலை இழுத்துப் போட்டால் "553 – ஃபைலை உருவாக்க முடியவில்லை" என்று வருகிறது. புது ஃபோல்டரும் உருவாகவில்லை, அதற்கு 550 வருகிறது.

கான்ஃபிக் ஃபைலில் ரைட்_எனேபிள்=யெஸ் வரியின் முன்னால் இருந்த # குறியை எடுத்தாயிற்று. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாயிற்று. ஃபோல்டர் பெர்மிஷனைப் பார்த்தால் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) என்றே காட்டுகிறது. அப்புறம் ஏன் எழுத விடவில்லை?

ஞாயிற்றுக்கிழமை பெரிய முகூர்த்தம். திருவந்திபுரத்தில் அன்றைக்கு வரிசையாகக் கல்யாணம் நடக்கும், அன்று இரவே ஸ்டுடியோக்காரர்கள் படம் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் சரி செய்தாக வேண்டும்.


நெல்லிக்குப்பம்_நெட் | வியாழன், இரவு 9.10

அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் 777 இருந்தால் போதாது நண்பரே. மேலே இருக்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து சிஎச்மாட் -ஆர் 777 (பெர்மிஷனை மாற்றும் கட்டளை) கொடுங்கள். எனக்கு எப்போதும் அப்படித்தான் வேலை செய்திருக்கிறது.


லாஸ்பேட்டை_சிஸ்அட்மின் | வியாழன், இரவு 9.31

தம்பி, மேலே சொன்னதை தயவுசெய்து செய்ய வேண்டாம். 777 என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிற எந்த யூசரும், எந்த சர்வீஸும் அங்கே எழுதலாம், அழிக்கலாம் என்று பொருள். ஒரு ஸ்டுடியோவின் பாஸ்வேர்ட் வெளியே போனால் மற்ற எல்லா ஸ்டுடியோக்களின் கல்யாணப் படங்களும் போய்விடும். தாலி கட்டிய படத்தை யாரும் இன்னொரு தடவை எடுக்க முடியாது.

அதைவிட முக்கியம், நீங்களே ஒரு நல்ல தடயம் கொடுத்திருக்கிறீர்கள். 777 என்று காட்டியும் எழுத முடியவில்லை என்றால் அது பெர்மிஷன் எண் சம்பந்தப்பட்ட சிக்கலாக இருக்க வாய்ப்புக் குறைவு. இன்னும் அதே எண்ணைப் பிடித்துத் தொங்கிப் பயனில்லை.

முதலில் சர்வர் அனுப்பும் எண்ணைப் படிக்க வேண்டும். ஃபைல் அப்லோடில் 550 வந்து கூடவே "அனுமதி மறுக்கப்பட்டது" என்று இருந்தால், பெரும்பாலும் விஎஸ்எஃப்டிபிடியே கதவைச் சாத்தியிருக்கிறது. அதாவது ரைட்_எனேபிள் இன்னும் 'நோ'வில்தான் இருக்கிறது. டெபியன், உபுண்டுவில் அந்த வரி # போட்டுத்தான் வரும், இயல்பு மதிப்பும் 'நோ'தான். 553 வந்தால் கதை வேறு. விஎஸ்எஃப்டிபிடி உங்களை உள்ளே விட்டு, ஃபைலை உருவாக்கச் சொல்லி லினக்ஸிடம் கேட்டது, லினக்ஸ் மறுத்துவிட்டது. உங்களுக்கு 553 வருவதால் கான்ஃபிக் ஃபைலில் நீங்கள் செய்த மாற்றம் வேலை செய்கிறது. இனி அங்கே கை வைக்க வேண்டாம். ஃபோல்டருக்கு வரும் 550-யும் அதே மறுப்புதான். ஃபோல்டர் உருவாக்கத்தில் லினக்ஸ் மறுத்தால் விஎஸ்எஃப்டிபிடி 550 எண்ணோடு "ஃபோல்டர் உருவாக்கம் தோல்வி" என்று அனுப்பும். எண் ஒன்றாக இருந்தாலும் பக்கத்தில் இருக்கும் வாசகம் வேறு, அதனால் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது எஃப்டிபியை ஓரமாக வையுங்கள். சர்வரிலேயே உட்கார்ந்து, அந்த ஸ்டுடியோ யூசராகவே ஒரு ஃபைல் உருவாக்கிப் பாருங்கள்.

சூடோ -யு பண்ருட்டி டச் /டேட்டா/ஆல்பம்/பண்ருட்டி/சோதனை

பண்ருட்டி என்பது யூசர் பெயர், பாதையை உங்கள் கணினியில் இருக்கிறபடி மாற்றிக்கொள்ளுங்கள். ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசர்) டச் அடித்துப் பார்த்துவிட்டு "ஆகிறதே" என்று சொல்லாதீர்கள். ரூட்டுக்குப் பெரும்பாலான பெர்மிஷன் கட்டுப்பாடு கிடையாது, அதனால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது.

கூடவே இந்த இரண்டின் விடையையும் போடுங்கள்:

நேம்ஐ -எல் /டேட்டா/ஆல்பம்/பண்ருட்டி
ஃபைண்ட்எம்என்டி -டி /டேட்டா/ஆல்பம்/பண்ருட்டி

(இரண்டாவதில் அந்த டி பெரிய எழுத்து.) முதல் கட்டளை, வேரிலிருந்து கடைசி ஃபோல்டர் வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் பெர்மிஷனையும் வரிசையாகக் காட்டும். தெருக்கதவு பூட்டியிருந்தால் அறைக்கதவு திறந்திருந்தும் பயனில்லை. நடுவில் ஒரு ஃபோல்டரில் எக்ஸ் (நுழையும் அனுமதி) இல்லாவிட்டாலும் உள்ளே போக முடியாது. இரண்டாவது, அந்த இடம் எந்த டிஸ்கில் இருக்கிறது, அது எப்படி மவுண்ட் ஆகியிருக்கிறது (சிஸ்டத்தோடு இணைந்திருக்கிறது) என்று சொல்லும்.


நெல்லிக்குப்பம்_நெட் | வியாழன், இரவு 9.44

நான் சொன்னது சோதனைக்கு மட்டும்தான் சார். வேலை செய்ததும் திரும்பக் குறைத்துவிடலாமே.


லாஸ்பேட்டை_சிஸ்அட்மின் | வியாழன், இரவு 9.58

குறைக்க முடியாது என்பதுதான் கஷ்டம். -ஆர் போட்டு மொத்தமாக மாற்றிவிட்டால், முன்னால் எந்த ஃபைலுக்கு என்ன எண் இருந்தது என்று எங்கும் பதிவாகாது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஊகிக்க வேண்டும். பாதையைத் தவறாக அடித்து /இடிசி (செட்டிங் ஃபைல்கள் இருக்கும் இடம்) மேலேயோ ஹோம் மேலேயோ ஓடவிட்டால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) சாவியை சர்வர் ஏற்க மறுக்கும், சூடோவே (ரூட்டாகக் கட்டளை ஓட்டும் வழி) வேலை செய்யாமல் போகலாம். சோதனைக்கு என்றால் சூடோ -யு டச் போதும், எதையும் மாற்றாமல் விடை கிடைத்துவிடும்.


ஆல்பம்கடை_கடலூர் | வியாழன், இரவு 10.20

அண்ணா, பார்த்துவிட்டேன். டச் அடித்தால் "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வருகிறது.

நேம்ஐ விடையில் டேட்டாவிலிருந்து கீழே எல்லாமே ரூட் ரூட், 777.

ஃபைண்ட்எம்என்டி விடையில் ஃபைல்சிஸ்டம் வகை ஃப்யூஸ்பிஎல்கே என்று இருக்கிறது, ஆப்ஷன் வரிசையில் முதலில் ஆர்ஓ (ரீட்-ஒன்லி). இந்த டிஸ்க் முன்பு கடையில் இருந்த விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் இருந்தது. 4 டிபி. பழைய ஆல்பங்கள் எல்லாம் அதில் இருப்பதால் அப்படியே கழற்றி இதில் மாட்டிவிட்டோம்.


முதுநகர்_டெர்மினல் | வியாழன், இரவு 10.37

விஷயம் வெளியே வந்துவிட்டது. அது என்டிஎஃப்எஸ் டிஸ்க், அதாவது விண்டோஸ் முறையில் ஃபார்மேட் ஆனது. இரண்டு விஷயம் இருக்கிறது தம்பி.

ஒன்று, அந்த 777. என்டிஎஃப்எஸ் டிஸ்கை ஆப்ஷன் எதுவும் கொடுக்காமல் என்டிஎஃப்எஸ்-3ஜி (அதை லினக்ஸில் படிக்கும் டிரைவர்) வழியாக மவுண்ட் செய்தால், லினக்ஸின் உரிமையாளர், பெர்மிஷன் விவரம் அதில் இல்லாததால் எல்லாவற்றையும் 777 என்றே காட்டும். யாரும் அந்த எண்ணைக் கொடுக்கவில்லை. அங்கே சிஎச்மாட், சிஎச்ஓன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) அடித்தாலும் ஒன்றும் மாறாது. யூஐடி, ஜிஐடி, யூமாஸ்க் மாதிரி மவுண்ட் ஆப்ஷன்களை வைத்து டிஸ்க் முழுவதற்கும் ஒரே மாதிரிதான் மாற்ற முடியும்.

இரண்டு, அந்த ஆர்ஓ. விண்டோஸ் 10-இல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" ஆன் ஆகியிருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிலையைச் சேமித்து வைத்துக்கொண்டு பாதி உறக்கத்தில் போகிறது. அந்த நிலையில் டிஸ்கைக் கழற்றி லினக்ஸில் மாட்டினால், என்டிஎஃப்எஸ்-3ஜி அதைப் பாதுகாப்பற்ற நிலை என்று கண்டுபிடித்து, எழுத விடாமல் படிக்க மட்டும் மவுண்ட் செய்யும். ஜர்னல்சிடிஎல்-லில் (சிஸ்டம் பதிவு) தேடினால் அந்தச் செய்தி அப்படியே இருக்கும்.

அது உங்கள் படங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது. கட்டாயப்படுத்தி எழுத வைக்காதீர்கள். வலையில் தேடினால் உடனே என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் அடிக்கச் சொல்வார்கள். அது சில சின்னக் குறைகளைச் சரி செய்து, அடுத்த தடவை விண்டோஸ் சோதிக்கும்படி குறித்து வைக்கும், -டி கொடுத்தால் "சோதனை தேவை" என்று காட்டும் அந்த அழுக்குக் கொடியையும் இறக்கிவிடும். விண்டோஸின் சிஎச்கேடிஎஸ்கே செய்கிற முழுச் சோதனைக்கு அது ஈடாகாது.

இப்போது ரீட்-ஒன்லியில் இருக்கிறதே, அது நல்லதாகப் போயிற்று. காப்பி எடுக்க இதைவிடப் பத்திரமான நிலை கிடையாது. வேறு டிஸ்க் இருந்தால் இன்று இரவே எல்லாவற்றையும் அதற்கு நகல் எடுங்கள். பிறகு மற்றதைப் பேசலாம்.


கெடிலம்_கரை | வெள்ளி, காலை 6.40

இந்த ரீட்-ஒன்லி விஷயம் என்டிஎஃப்எஸ்ஸுக்கு மட்டும் உரியது இல்லை. பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்ததே, அதற்கு அடுத்த நாட்களில் எங்கள் அலுவலக சர்வரிலும் இதே கூத்து. கரண்ட் போய் வந்ததில் ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் சொந்த ஃபைல்சிஸ்டம்) டிஸ்கில் பிழை. எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்க் எப்படி மவுண்ட் ஆக வேண்டும் என்று எழுதிய ஃபைல்) எரர்ஸ்=ரீமவுண்ட்-ஆர்ஓ என்று இருந்ததால் கர்னல் டிஸ்கைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிட்டது. நேற்று வரை எழுதிய ஃபோல்டர் இன்று எழுத மறுத்தால் பெர்மிஷனைத் தொடும் முன் டிமெசேஜ் (கர்னல் செய்திகள்) பாருங்கள். டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து எஃப்எஸ்சிகே (டிஸ்க் பிழை திருத்தும் கட்டளை) ஓட்டிய பிறகுதான் எங்களுடையது திரும்ப வந்தது. மவுண்ட் ஆகியிருக்கும்போது அதை ஓட்டக்கூடாது.

டிஸ்க் நிறைந்துவிட்டாலும் பெர்மிஷன் சிக்கல் மாதிரியேதான் தெரியும். ஈஎக்ஸ்டி4 உருவாக்கும்போது இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கு ஒதுக்கி வைக்கும். சாதாரண யூசருக்கு இடம் தீர்ந்த பிறகும் ரூட்டால் எழுத முடியும், அதனால் ரூட்டாகச் சோதித்தவர் "எனக்கு எழுதுகிறதே" என்று குழம்பிப்போவார். அப்போது ஃபைல் உருவாகிவிடும், உள்ளே எதுவும் ஏறாது. எஃப்டிபியில் 451 வரும், சர்வரில் 0 பைட்டில் ஒரு ஃபைல் உட்கார்ந்திருக்கும். டிஎஃப் -எச் (மீதி இடம்), டிஎஃப் -ஐ (இன்னும் எத்தனை ஃபைலுக்கு இடம்) இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.


ஆல்பம்கடை_கடலூர் | வெள்ளி, மதியம் 1.15

அக்கா, அண்ணா, நன்றி. பேக்கப்புக்கு என்று வாங்கி வைத்திருந்த புது டிஸ்க் இருந்தது. இரவே ஆர்சிங்க் (நகலெடுக்கும் கட்டளை) ஓடவிட்டேன், காலையில் முடிந்திருந்தது.

அவசரத்துக்கு பழைய டிஸ்கையே விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, முழுதாக ஷட்டவுன் செய்து திரும்ப இங்கே மாட்டினேன். இப்போது ஆர்டபிள்யூ (படிக்கவும் எழுதவும்) என்று மவுண்ட் ஆகிறது, டச்சும் வேலை செய்கிறது. ஆனால் இப்போது லாகினே ஆகவில்லை! "500 ஊப்ஸ்: சிஎச்ரூட்டுக்குள் எழுதக்கூடிய ரூட் இருப்பதால் இயங்க மறுக்கிறேன்" என்கிற மாதிரி வருகிறது. நேற்று வரை லாகின் ஆனதே, அது எப்படி?


லாஸ்பேட்டை_சிஸ்அட்மின் | வெள்ளி, மதியம் 2.05

கான்ஃபிக்கில் சிஎச்ரூட்_லோக்கல்_யூசர்=யெஸ் இருக்கிறது, சரிதானே? ஒவ்வொரு ஸ்டுடியோவையும் அதன் ஃபோல்டருக்குள்ளேயே அடைத்து வைப்பது அதுதான். அந்த அடைப்பின் உச்சி ஃபோல்டரில் அந்த யூசரால் எழுத முடிந்தால் விஎஸ்எஃப்டிபிடி லாகினையே மறுத்துவிடும். 2011-இல் வந்த 2.3.5 பதிப்பிலிருந்து இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது.

நேற்று ஏன் விட்டது என்றால், அது 777 என்ற எண்ணைப் பார்ப்பதில்லை. "இந்த யூசரால் இங்கே எழுத முடியுமா" என்று கர்னலைக் கேட்கிறது. நேற்று டிஸ்க் ரீட்-ஒன்லி, "முடியாது" என்று பதில் வந்தது, உள்ளே விட்டது. இன்று டிஸ்க் சரியாகிவிட்டது, "முடியும்" என்று பதில் வருகிறது, அதனால் மறுக்கிறது. முதல் சிக்கல் இரண்டாவது சிக்கலை மறைத்து வைத்திருந்தது.

இந்தப் பிழைக்கு வலையில் தேடினால் முதலில் வருவது அலவ்_ரைட்டபிள்_சிஎச்ரூட்=யெஸ். ஒரு வரிதான், உடனே வேலை செய்யும். ஆனால் எதற்காக அந்தத் தடை என்று யோசித்துப் பாருங்கள். சிஎச்ரூட் ஆன பிறகு அந்த சர்வர் ப்ராசஸுக்கு அந்த ஃபோல்டர்தான் / . அங்கே யூசர் இஷ்டத்துக்கு இடிசி, லிப் என்று ஃபோல்டர்களை உருவாக்க முடிந்தால், ப்ராசஸ் ஏதாவது லைப்ரரியையோ செட்டிங்கையோ தேடும்போது அவர் வைத்ததை எடுத்துக்கொள்ள வழி உண்டாகிறது. நமக்குப் பழக்கமான ஸ்டுடியோக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். அவர் பாஸ்வேர்டைத் திருடியவர் செய்வார். எஃப்டிபியில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் அப்படியே கம்பியில் போகிறது என்பதையும் மறந்துவிடக்கூடாது.

சரியான வழி: உச்சி ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தம், 755 (ரூட் மட்டும் எழுதலாம்). அதற்குள் "வரவு" என்று ஒரு ஃபோல்டர், அதில் மட்டும் எழுதலாம். என்டிஎஃப்எஸ்ஸில் இப்படி ஃபோல்டருக்கு ஃபோல்டர் உரிமையாளர் வைப்பது லேசில் ஆகாது. புது டிஸ்க் ஈஎக்ஸ்டி4 தானே? அதையே சர்வருக்கு வையுங்கள். பழையதை பேக்கப் என்று எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள்.


முதுநகர்_டெர்மினல் | வெள்ளி, மாலை 5.30

அண்ணன் சொன்னதை வேலையாக எழுதுகிறேன். கடையில் டிசைன் செய்பவர்களுக்கு "டிசைன்" என்று ஒரு குரூப் உருவாக்கி அவர்களை அதில் சேருங்கள். யூசர்மாட் அடிக்கும்போது -ஏஜி என்று இரண்டு எழுத்தும் வேண்டும். ஏ-வை விட்டுவிட்டால் அந்த யூசர் ஏற்கெனவே இருந்த மற்ற குரூப்களிலிருந்து கழன்றுவிடுவார், சூடோ உரிமையும் அதோடு போகும். குரூப்பில் சேர்த்த பிறகு டிசைனர்கள் ஒரு முறை லாக்அவுட் செய்து திரும்ப லாகின் செய்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

பிறகு, பண்ருட்டி யூசருக்கு:

சிஎச்ஓன் ரூட்:ரூட் /டேட்டா/ஆல்பம்/பண்ருட்டி
சிஎச்மாட் 755 /டேட்டா/ஆல்பம்/பண்ருட்டி
எம்கேடிஐஆர் /டேட்டா/ஆல்பம்/பண்ருட்டி/வரவு
சிஎச்ஓன் பண்ருட்டி:டிசைன் /டேட்டா/ஆல்பம்/பண்ருட்டி/வரவு
சிஎச்மாட் 2770 /டேட்டா/ஆல்பம்/பண்ருட்டி/வரவு

எல்லாம் சூடோவோடு. அந்த 2770-இல் முன்னால் இருக்கும் 2 ரொம்ப முக்கியம். அது இருந்தால், உள்ளே உருவாகும் ஒவ்வொரு ஃபைலும் ஃபோல்டரும் தானாகவே டிசைன் குரூப்புக்குப் போகும். இல்லாவிட்டால் பண்ருட்டி யூசரின் சொந்தக் குரூப்பில் போய் நிற்கும், உங்கள் ஆட்களால் தொட முடியாது.

கான்ஃபிக்கில்:

யூசர்_சப்_டோக்கன்=$யூசர்
லோக்கல்_ரூட்=/டேட்டா/ஆல்பம்/$யூசர்
லோக்கல்_யூமாஸ்க்=007
சிஎச்மாட்_எனேபிள்=நோ

சமக்குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடைவெளி விடாதீர்கள். வரியின் கடைசியில்கூட கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் "தவறான மதிப்பு" என்று சொல்லி சர்வீஸ் கிளம்பாது.

மூன்றாவது வரியைக் கட்டாயம் போடுங்கள். விஎஸ்எஃப்டிபிடியின் இயல்பு யூமாஸ்க் (புது ஃபைலிலிருந்து கழிக்கும் அனுமதிகள்) 077. ஃபைல் 666-இல் தொடங்கும், 077 கழிந்து 600 ஆகும். ஸ்டுடியோக்காரர் அனுப்புவார், பச்சை டிக் வரும், அவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். உங்கள் டிசைனர் திறந்தால் "அனுமதி இல்லை" என்று வரும். 007 என்றால் 660, குரூப்பால் படிக்கவும் எழுதவும் முடியும், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. நாலாவது வரி, ஃபைல்ஜில்லாவில் ரைட் கிளிக் செய்து பெர்மிஷனை மாற்றுவதைத் தடுக்கும்.

என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து ஆர்சிங்க் -ஏ கொடுத்துக் கொண்டுவந்திருந்தால் பழைய ஃபைல்கள் எல்லாம் 777-ஐச் சுமந்துகொண்டே வந்திருக்கும். பழைய ஆல்பங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு சிஎச்ஜிஆர்பி -ஆர் டிசைன் கொடுத்துவிட்டு, சிஎச்மாட் -ஆர் யு=ஆர்டபிள்யூஎக்ஸ்,ஜி=ஆர்டபிள்யூஎக்ஸ்,ஓ= என்று கொடுங்கள். உரிமையாளர் பழையபடி ரூட்டாகவே இருக்கட்டும். எக்ஸை பெரிய எழுத்தில் போட வேண்டும், அப்போது ஃபோல்டர்களுக்கு நிச்சயம் எக்ஸ் இருக்கும். ஆனால் ஃபைல்களுக்கு ஏற்கெனவே எக்ஸ் இருப்பதால் அவற்றில் அப்படியே நின்றுவிடும். அதனால் ஃபைல்களுக்கு மட்டும் ஃபைண்ட் -டைப் எஃப் வைத்து 660 ஆக்கிவிடுங்கள். ஓட்டும் முன் பாதையை இரண்டு தரம் படித்துப் பாருங்கள்.


வில்லியனூர்_லேப் | வெள்ளி, இரவு 8.15

வணக்கம் சார், மேடம். இதே இழையில் கேட்கிறேன், மன்னிக்கவும். புதுச்சேரியில் ஒரு கல்லூரி லேபில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் ராக்கி லினக்ஸ் 9. மாணவர்கள் செய்முறைத் தேர்வு ஃபைல்களை எஃப்டிபியில் ஏற்ற வேண்டும். எங்களுக்கும் 553. சூடோ -யு டச் செய்தால் ஃபைல் உருவாகிவிடுகிறது. டிஸ்க் ஆர்டபிள்யூ தான், இடமும் இருக்கிறது, பெர்மிஷனும் சரி. எஃப்டிபி வழியாக மட்டும் முடியவில்லை.


லாஸ்பேட்டை_சிஸ்அட்மின் | வெள்ளி, இரவு 8.50

மேடம், டெர்மினலில் முடிகிறது, எஃப்டிபியில் முடியவில்லை, அதுவும் ரெட் ஹேட் குடும்பத்து லினக்ஸில் என்றால் முதலில் எஸ்இலினக்ஸைத்தான் (பெர்மிஷனுக்கு மேல் இருக்கும் கூடுதல் பாதுகாப்பு) பார்க்க வேண்டும். கெட்என்ஃபோர்ஸ் அடித்தால் "என்ஃபோர்சிங்" (அது அமலில் இருக்கிறது) என்று வரும். நீங்கள் டெர்மினலில் டச் அடிக்கும்போது அந்தக் கட்டுப்பாடு உங்கள் ஷெல்லுக்குப் பொருந்தாது. அதே யூசராகவே இருந்தாலும் விஎஸ்எஃப்டிபிடி ப்ராசஸுக்கு வேறு சட்டம். யார் என்பதோடு, எந்த ப்ராசஸ் எந்த லேபிள் உள்ள ஃபைலைத் தொடுகிறது என்றும் அது பார்க்கிறது.

எஃப்டிபியில் ஒரு தடவை முயன்றுவிட்டு உடனே இதை அடியுங்கள்:

ஆசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசண்ட்

விஎஸ்எஃப்டிபிடி பெயரோடு "டினைட்" என்று ஒரு வரி வந்தால் உறுதியாகிவிடும். உள்ளூர் யூசர்கள் எழுத:

செட்செபூல் -பி எஃப்டிபிடி_ஃபுல்_ஆக்சஸ் ஆன்

பி பெரிய எழுத்து, அப்போதுதான் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும். இது கொஞ்சம் தாராளமான அனுமதி. ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் திறக்க வேண்டும் என்றால் அதற்கு பப்ளிக்_கண்டென்ட்_ஆர்டபிள்யூ_டி லேபிளை செமேனேஜ் வழியாகக் கொடுத்து, ரெஸ்டோர்கான் ஓட்டி, எஃப்டிபிடி_ஏனான்_ரைட் பூலியனை ஆன் செய்யலாம். லேபுக்கு இரண்டாவது வழிதான் என் விருப்பம்.

செட்என்ஃபோர்ஸ் 0 போட்டு எஸ்இலினக்ஸ் தடையை நிறுத்திவிட்டு மறந்துவிடாதீர்கள். மாணவர்கள் புழங்கும் கணினியில் அந்தப் பாதுகாப்பு மிகவும் தேவை.

இன்னொன்று, ராக்கியில் கான்ஃபிக் ஃபைல் /இடிசி/விஎஸ்எஃப்டிபிடி ஃபோல்டருக்குள் இருக்கும், உபுண்டுவில் நேராக /இடிசியில். ராக்கியின் ஃபைலில் ரைட்_எனேபிள்=யெஸ் ஏற்கெனவே போட்டே வரும், யூமாஸ்க்கும் 022. அதனால் மேலே உபுண்டுவுக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.


கெடிலம்_கரை | சனி, காலை 7.05

ஒரு கேள்வி. இவ்வளவு பாடுபடுவதற்கு எஃப்டிபியை விட்டுவிட்டு எஸ்எஃப்டிபிக்கே (எஸ்எஸ்எச் வழியாக ஃபைல் அனுப்புவது) போய்விடலாமே? அது எஸ்எஸ்எச் சர்வரோடே வருகிறது, பாஸ்வேர்டும் மறைந்து போகும்.


முதுநகர்_டெர்மினல் | சனி, காலை 9.20

ஃபைல்ஜில்லாவில் அனுப்புகிறவர்களுக்கு நிச்சயம் அதுதான் நல்லது. ஆனால் எழுதும் அனுமதிச் சிக்கல் அங்கேயும் இதே வடிவத்தில் வரும், இன்னும் கண்டிப்பாக. ஓப்பன்எஸ்எஸ்எச்சில் சிஎச்ரூட்டைரக்டரி கொடுத்தால், அந்த ஃபோல்டர் மட்டும் இல்லை, வேரிலிருந்து அது வரை ஒவ்வொரு படியும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாருக்கும், குரூப்புக்கும்கூட, எழுதும் அனுமதி இருக்கக்கூடாது. இல்லாவிட்டால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் இணைப்பு உடனே அறுந்துவிடும். ஃபைல்ஜில்லாவில் காரணம் தெரியாது. உபுண்டுவில் ஆத்.லாக் திறந்தால் "சிஎச்ரூட் ஃபோல்டரின் உரிமை அல்லது மோட் சரியில்லை" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அங்கே அலவ்_ரைட்டபிள் மாதிரி குறுக்கு வழியும் கிடையாது.

நேற்று சொன்ன ரூட் உச்சி, உள்ளே "வரவு" என்ற அமைப்பு இரண்டுக்கும் பொருந்தும். இன்டெர்னல்-எஸ்எஃப்டிபி வரியில் -யு 007 சேர்த்துவிட்டால் யூமாஸ்க்கும் ஒத்துப்போகும்.

எஃப்டிபியை முழுதாக மூட முடியாததற்குக் காரணம் கேமராக்கள். எஃப்டிபியில் நேராக அனுப்பும் வசதி உள்ள கேமராக்களை ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கிறார்கள், அவற்றில் பலவற்றுக்கு எஸ்எஃப்டிபி தெரியாது. அவர்களுக்காக எஸ்எஸ்எல்_எனேபிள் போட்டு எஃப்டிபிஎஸ்ஸாக (மறைத்து அனுப்பும் எஃப்டிபி) வைத்துக்கொள்ளலாம், கேமரா அதை ஏற்றால்.


ஆல்பம்கடை_கடலூர் | ஞாயிறு, இரவு 11.10

அண்ணா, அக்கா, வேலை செய்கிறது! ஈஎக்ஸ்டி4 டிஸ்க், ரூட் உச்சி, வரவு ஃபோல்டர், 2770, 007, எல்லாம் நீங்கள் சொன்னபடி. பண்ருட்டி ஸ்டுடியோ மண்டபத்திலிருந்து வந்ததும் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டாட் அடித்துப் பார்த்தேன், ஒவ்வொரு ஃபைலும் 660, பண்ருட்டி, டிசைன். எங்கள் டிசைனர் பெண் தன் சிஸ்டத்திலிருந்து திறந்து கலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நடுவில் சிதம்பரம் ஸ்டுடியோவுக்கு மட்டும் 553 வந்தது. அவர்கள் வரவுக்குள் போகாமல் உச்சியிலேயே ஃபைலைப் போட்டிருக்கிறார்கள். ஃபோனில் சொன்னதும் சரியாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. ஸ்டுடியோக்காரர்கள் அனுப்பிய ஃபைலை அவர்களே அங்கிருந்து அழிக்காமல் தடுக்க முடியுமா? தவறுதலாக டெலீட் அழுத்திவிட்டால் நாங்கள் செய்துகொண்டிருக்கும் வேலை நின்றுவிடும்.


லாஸ்பேட்டை_சிஸ்அட்மின் | திங்கள், காலை 7.30

மகிழ்ச்சி தம்பி.

ஃபைலை அழிக்கும் உரிமை அந்த ஃபைலின் பெர்மிஷனில் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரில் இருக்கிறது. வரவு ஃபோல்டரில் எழுத முடிந்தவர் அங்கே இருப்பதை அழிக்கவும் முடியும். ஸ்டிக்கி பிட் (அடுத்தவர் ஃபைலை அழிக்கவிடாத குறி) போட்டாலும் அவரவர் ஃபைலை அவரவர் அழிப்பதை அது தடுக்காது. அதனால் விஎஸ்எஃப்டிபிடியிலேயே தடுங்கள்:

சிஎம்டிஎஸ்_டினைட்=டிஇஎல்இ,ஆர்எம்டி,ஆர்என்எஃப்ஆர்,ஆர்என்டிஓ

அழிப்பது, ஃபோல்டரை நீக்குவது, பெயர் மாற்றுவது மூன்றும் நின்றுவிடும். ஆனால் அதே பெயரில் இன்னொரு ஃபைலை மேலே ஏற்றினால் பழையது போய்விடும், அதை இந்த வரி தடுக்காது. அதற்கு, ஏறி முடிந்த ஃபைல்களை சில நிமிடத்துக்கு ஒரு முறை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைக் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போடுங்கள். பாதி ஏறிய ஃபைலை நகர்த்திவிடக்கூடாது, ஃபைண்டில் -எம்மின் +10 கொடுத்தால் கடைசிப் பத்து நிமிடத்தில் எதுவும் எழுதப்படாதவை மட்டும் வரும்.

அந்த டிஸ்கின் எஃப்எஸ்டேப் வரியையும் பார்த்துவிடுங்கள். யூயூஐடி (டிஸ்கின் தனி அடையாள எண்) வைத்து எழுதி, நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் சிஸ்டம் கிளம்பட்டும்) சேருங்கள். டிஸ்க் ஒரு நாள் மவுண்ட் ஆகாமல் போனால் படங்கள் எல்லாம் காலியான /டேட்டா வழியாக சிஸ்டம் டிஸ்கில் போய் நிறையக்கூடாது. டிஸ்கை அன்மவுண்ட் செய்துவிட்டு, அந்தக் காலி ஃபோல்டருக்கு சிஎச்ஆட்டர் +ஐ கொடுத்தால் டிஸ்க் இல்லாதபோது அங்கே ரூட்டால்கூட எழுத முடியாது. பிறகு மவுண்ட் செய்யுங்கள், வழக்கம்போல் வேலை செய்யும்.


வில்லியனூர்_லேப் | திங்கள், காலை 10.45

ஏவிசி வரி வந்தது சார். இரண்டாவது வழியிலேயே லேபிள் கொடுத்து ரெஸ்டோர்கான் ஓட்டினேன், மாணவர் யூசரில் அப்லோட் ஆகிறது. கெட்என்ஃபோர்ஸ் இன்னும் என்ஃபோர்சிங் தான்.